எண்பத்தேழு கிலோமீட்டர்

மெல்பர்னிலிருந்து வந்தவன்
வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டுதான்
பேச்சையே எடுத்தான்.
"ஓட்டவே இல்லையா, மிஸஸ் பாஸ்கோ?"

ஓட்டினேன்.
ஷோரூமிலிருந்து வீட்டுக்கு.
அப்புறம் பேட்டரி சாகாமலிருக்க
ஆண்டுக்குச் சிலமுறை
தெருமுனை வரை போய்த் திரும்பல்.

எலிசபெத் தொழிற்சாலை மூடுமுன்
கடைசியாய் இறக்கிய முந்நூறில் ஒன்று.
கியருக்குப் பக்கத்தில் ஒரு தகடு:
நூற்று அறுபத்து மூன்று.
எட்டு சிலிண்டர். சாவியைத் திருகினால்
அடுத்த வீட்டுச் சன்னல் நடுங்கும்.
அதற்காகவே க்ளெனிஸ்
எட்டு வருஷமாய் என்னோடு பேசுவதில்லை.

வேலை போனபோது கொடுத்த பணம்.
சிலர் வீட்டுக்கடனை அடைத்தார்கள்,
சிலர் பாலித் தீவு போய்க் கறுத்து வந்தார்கள்.
நான்
என்னை வெளியே அனுப்பியவர்களிடமே
அதைத் திருப்பிக் கட்டி
இதை ஓட்டி வந்தேன்.
புத்தி கெட்டுப்போச்சா என்றான் மகன்.
இப்போது அவனே பெர்த்திலிருந்து கூப்பிடுகிறான்:
"இன்னும் ஏறும்மா, வித்துடாதே."
அடுத்த வாரம்:
"இதுக்கு மேல ஏறாது, வித்துடு."

மழை பெய்தால் கூடத்தில் வாளி வைக்கிறேன்.
கொட்டகையில் ஒரு சொட்டு ஒழுகாது.
அந்தக் கூரையை மட்டும்தான் மாற்றினேன்.

கையுறைக்காரன், டேமியன் என்று பெயர்,
முட்டி போட்டு
கதவிடுக்குகளில் மெல்லிய தகட்டைச் செருகி
அளந்துகொண்டே வந்தான்.
இடது பின்கதவில் நின்றான்.
மறுபடி அளந்தான்.
மேலே நாலு, கீழே ஐந்து.

"இதைக் கழற்றி மாட்டியிருக்காங்க.
எங்கேயோ இடிச்சிருக்கு.
விலை குறையும், தப்பா நினைக்காதீங்க."

பத்தொன்பது வருஷம்
இடது பின்கதவு என் கை.
தோளால் ஓர் இடி, இடுப்பால் ஒரு தள்ளு,
அளவுகோல் வருமுன் கண் சொல்லிவிடும்.
கடைசி வாரம்
யார் கண்ணும் சரியாய்ச் சொல்லவில்லை.
எதிரே நின்ற துயெட்
திருகியைக் கீழே வைத்துவிட்டுக்
கழிப்பறைக்குப் போனவள், அன்று திரும்பவில்லை.
அவள் வேலையும் என் தலையில்.
அந்த ஒரு மில்லிமீட்டர்
அப்போது நழுவியிருக்கலாம்.
அது இந்த வண்டியில்தானா என்றால்
சத்தியம் பண்ண மாட்டேன்.

"அது நான்தான்" என்றேன்.
"எழுத்துல இருக்கா?" என்றான்.

போகும்போது ஒன்று சொல்லிப் போனான்:
மீட்டர் நூறைத் தாண்டினால்
இன்னும் ஐயாயிரம் டாலர் குறையும்.

ஞாயிறு காலை தூறல்.
உறையை உருவிப் போட்டேன்.
டூ வெல்ஸ் சாலை, நேர்க்கோடு.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது.
ஐயாயிரம் விழுந்த இடத்தைப்
பின்கண்ணாடியில் பார்த்தேன்:
கோதுமை வயல்,
ஒரு மின்கம்பம்,
அதன்மேல் நனைந்த காக்கட்டூ.

எண்பதுக்கு மேல் வேகம் போனதும்
இடது பின்கதவில் ஒரு சீட்டி.
காற்று.
நிறுத்தியே வைத்திருந்த வண்டியில்
அதைக் கேட்டிருக்க வழியில்லை.

பேக்கரியில் ஒரு இறைச்சி பை வாங்கி
ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே உட்கார்ந்து தின்றேன்.
சாஸ் சொட்டியது.
துடைத்தேன். முழுசாய்ப் போகவில்லை.

வீடு வந்ததும் ஸ்பேனரை எடுத்தேன்.
கீல் போல்ட்டில் கால் சுற்று;
மிச்சத்தைத் தோள் பார்த்துக்கொள்ளும்.
கதவு நேராகிவிடும்.
கழற்றி மாட்டினார்கள் என்று அவன் சொன்னதும்
உண்மையாகிவிடும்.

டயரெல்லாம் செம்மண்.
ஸ்பேனர் கையில்.
வேலிக்கு மேலே க்ளெனிஸின் தலை:

"எவ்வளவு தூரம் போனே?"