அட்டை செருகப்படவில்லை

யாங்கோனில் வாங்கிய நாள்முதல்
சாவி திருப்பியதும் ஒரு பெண் பேசுவாள்.
ஜப்பான்காரி. ஒரே ஒரு வாக்கியம்,
கடைசிச் சொல் மட்டும் சற்றே குனிந்து.
அதை வணக்கம் என்றே வைத்துக்கொண்டோம்.
மீனலோசினி கை கூப்புவாள்.
நான் "சரிம்மா, புறப்படலாம்" என்பேன்.

வெள்ளை புரோபாக்ஸ்.
பின்கண்ணாடியில் எந்த ஊரோ ஒரு பூக்கடையின் ஒட்டுத்தாள்.
விற்ற கோ தெய்ன் ஸோ
எண்ணெய்க் குச்சியை உருவித்
தன் கைலி முனையில் துடைத்துக் காட்டினான்.
தேன்போல இருந்தது.
தேன்போல இருக்கக் கூடாது என்று
அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் ஒரு சத்தம்,
பாக்கு வெட்டுவதுபோல. காலைக் குளிரில் மட்டும்.
பிறகு வெயிலிலும். மேட்டில் பாக்கு, இறக்கத்தில் பாக்கு.
ரேடியோவைக் கூட்டினேன்.
சிவப்பு விளக்கு ஒருதரம் கண் சிமிட்டியது.
நானும் சிமிட்டினேன்.

பிலினுக்கும் தட்டோனுக்கும் நடுவே
ரப்பர் மரங்கள் வரிசை கலையாமல் நிற்கும் இடத்தில்
ஒரே அடி.
உள்ளிருந்து யாரோ சம்மட்டியோடு
வெளியே வந்துவிட்டதுபோல.
புகை. அப்புறம்
எஞ்சின் இல்லாமல் உருண்டோம்:
சக்கரத்தடியில் சரளை, பின்னால் வாளிகள் உரசுவது.
வாங்கியதிலிருந்து இவ்வளவு மென்மையாய்
அது ஓடியதே இல்லை.

வாளி ஆறு. தோசை மாவு.
மோல்மேனில் விடிந்தால் கல்யாணம்.
வண்டி செத்தது மாவுக்குத் தெரியாது.
வெயில் ஏற ஏறப் பொங்கியது,
மூடியை நெட்டியது, கட்டிய துணியை நனைத்தது.
மீனலோசினி அமுக்கி அமுக்கிப்
"பொறு, பொறு" என்றாள், அதனிடம்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மூங்கில் ஏற்றிய டிராக்டர் ஒன்று
கயிறு கட்டித் தட்டோன் வரை இழுத்தது.
மெக்கானிக் அடியில் ஊர்ந்து போய் என்னையும் கூப்பிட்டான்.
டார்ச் வெளிச்சத்தில் பிளாக்கில் ஓட்டை,
குழந்தைக் கை நுழையும் அளவு.
முறிந்த கனெக்டிங் ராடு
அதன் வழியே முழங்கையை வெளியே நீட்டியிருந்தது.
எண்ணெயை இரு விரல் நடுவே இழுத்தான். பிசின்.
"சத்தம் அடங்கக் கெட்டியா ஊத்தியிருக்கான்."

கோ தெய்ன் ஸோவுக்குப் போன் போட்டேன்.
மணி அடித்தது. அடித்தது.
மறுபடி போட்டேன். மணியும் அடிக்கவில்லை.

வேறு எஞ்சின் நாற்பது லட்சம்.
எங்களிடம் வாளி கழுவக்கூடக் காணாது.
டீயை என் பக்கம் நகர்த்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்:
"மூலையில ஒரு பழசு கிடக்கு.
மாட்டி, அதே சரக்க ஊத்திடலாம்.
யே பக்கம் வாங்க ஆள் இருக்கு."
எவ்வளவு தூரம் ஓடும் என்றேன்.
ஆம், கேட்டேன்.
"வாங்கினவன் வளைவு திரும்புற வரைக்கும் ஓடும்."

கோ தெய்ன் ஸோ வாசலில் நின்று
கை அசைத்துக்கொண்டே இருந்தான் அன்று,
வளைவு வரை.
எவ்வளவு நல்ல மனுஷன் என்றாள் இவள்.

கண்ணாடியை ஏற்றச் சாவி திருப்பினேன்.
பாட்டரி மட்டும் பிழைத்திருந்தது. அவள் பேசினாள்,
அதே மரியாதையோடு.
மெக்கானிக்கின் மச்சினி,
முதியோர் இல்ல வேலைக்கென ஜப்பான் பாஷை படிக்கிறவள்,
நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.
"சுங்கச் சாவடி அட்டை.
செருகப்படவில்லையாம்."

இரண்டு மாதம், தினம் காலையில்,
ஏதோ இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.
நாங்கள் கும்பிட்டிருக்கிறோம்.

மீனலோசினிதான் முதலில் வாய் திறந்தாள்:
"கதவு, சக்கரம், கண்ணாடி,
தனித்தனியா என்ன போகும்?"

இரவு பஸ்ஸின் கடைசி இருக்கை.
காலுக்கடியில் ஐந்து வாளி, அவள் மடியில் ஒன்று.
டிரைவர் சாவி திருப்பினான்.
யாரும் எதுவும் பேசவில்லை.
அவள் கை பாதி எழுந்து,
திரும்பி வந்து
மூடியை அமுக்கியது.