எல்.சி.

மகபூப்பாளையத்தில் மாவு மில்லுக்கு மேலே
ஒற்றை அறை. படிக்கட்டெல்லாம் மிளகாய் நெடி.
தும்மிக்கொண்டே ஏறி வருகிறவர்களை
மெஹருன்னிஸா மேடம்
தும்மலை வைத்தே எண்ணிவிடுவாராம்.
நான் அன்றைக்கு ஏழாவது.

வலது தோள். கை காதுக்கு எட்டவில்லை.
கம்பம் ஏறுகிறவனுக்குக் கை எழாவிட்டால்
ஆபீசில் ரசீது எழுத உட்கார்த்திவிடுவார்கள்.
மாத்திரை, ஒத்தடம், மூன்று மாதம் பிசியோதெரபி.
கை நின்ற இடத்திலேயே நின்றது.

அவர் தோளைத் தொடவே இல்லை.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
வெகுநேரம் கேட்டார்.
கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்,
தலை சாய்ந்திருந்தது,
டிரான்ஸ்பார்மர் இரைச்சலுக்கு
நாங்கள் காது கொடுக்கிற மாதிரி.

உடம்புக்குள் ஓடுகிற ஒன்று உண்டு,
சீனாக்காரர்கள் அதை 'ச்சீ' என்பார்கள் என்றார்.
ச்சீயா?
சிரித்துவிட்டேன்.
"எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க,
அதுக்குன்னே கொஞ்சம் நிறுத்துவேன்."

பன்னிரண்டு தடங்கள். அடைப்பு ஓரிடம், வலி வேறிடம்.
இது புரிந்தது எனக்கு. பீடர்தானே.
பழங்காநத்தத்தில் ஜம்பர் அறுந்தால்
விசிறி நிற்பது மாடக்குளத்தில்.
நாங்கள் திட்டு வாங்குவதும் மாடக்குளத்தில்.

அப்போ ஊசி எங்கே?
முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்,
வயிற்றுத் தடத்தில் முப்பத்தெட்டாம் புள்ளி.
தோளுக்கும் காலுக்கும் என்ன உறவென்று
கேட்க வாயெடுத்தேன்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்
வேறொன்றைக் கேட்டது:
"எல்.சி. வாங்கியாச்சா?"

லைன் செத்துவிட்டதென்று
சப்ஸ்டேஷன் தருகிற வாக்கு அது,
அது வராமல் கம்பியைத் தொடமாட்டோம் என்று விளக்கினேன்.
ஊசி விரலிடுக்கில் காத்திருந்தது.
"இது உயிரோட இருக்கும்போதே வேலை பாக்குற லைன் தம்பி.
ஆஃப் பண்ணிட்டா அப்புறம் யாருக்கு வைத்தியம்?"

தலைமுடி கனம். குத்தியது தெரியவில்லை.
பிறகுதான் ஒரு பாரம், ஒரு சுண்டல்,
மெதுவாகப் பாதம் வரை இறங்கியது.
வந்துருச்சா?
வந்துருச்சு.
கையத் தூக்குங்க.
கீழே மில் ஓட, காலில் ஊசி நடுங்க,
காது வரை போனது. அதற்குமேல் இல்லை.

தூக்கம் எப்படி?
மூணு மணிக்கு முழிப்பு, தினமும்.
அது நுரையீரலோட நேரம் என்றார்.
இறக்கி வைக்காத துக்கம்
அங்கேதான் தங்கும் என்பது அவங்க கணக்கு,
நீங்க நம்பணும்னு இல்ல.

நம்பவில்லை.
ஆனால் சேவுகனுக்கு எல்.சி. வந்த நேரம் மூன்று பத்து.
அவனியாபுரம், ஐப்பசி மழை.
வந்தது பக்கத்து பீடருக்கு.
போனில் அதை வாங்கி,
கம்பத்தடியில் நின்றவனுக்கு
டார்ச்சை உயர்த்தி 'ஏறு' என்று காட்டியது
இந்தக் கைதான்.
மேடத்திடம் இதைச் சொல்லவில்லை.
மணிக்கட்டை மட்டும் மறுபடி நீட்டினேன்,
எதற்கென்று தெரியாமல்.

இருபது நிமிஷம். முந்நூறு ரூபாய். அடுத்த வியாழன்.

இறங்கி வந்தால் எதிர்க் கம்பத்தில்
ஒரு ஜம்பர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.
செக்‌ஷன் ஆபீசைக் கூப்பிட்டேன்.
எந்த பீடர் என்றார்கள்.
பெயரைச் சொன்னேன். கம்பத்தின் நம்பரைப் படித்தேன்.
திருப்பிச் சொல்லச் சொன்னேன்.
சரியாகத்தான் சொன்னார்கள்.
இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.