கயிறு கட்டிய கப்பல்

ஐந்தே கால். செம்பவாங் கரையில்
மழை விட்டும் ஈரம் விடாத மணல்.
எதிரே ஜொகூரின் விளக்குகள்
இன்னும் தூங்கப் போகவில்லை.

திபாகர் பெஹெரா
வெல்டிங் கம்பி வந்த அட்டைப்பெட்டியைக்
கப்பலாக மடித்திருந்தான்.
உள்ளே வெற்றிலை, கொட்டைப்பாக்கு,
பத்துக் காசு, சின்னதாய் ஓர் அகல்.
பின்புறம் தூண்டில் நரம்பு, முப்பது மீட்டர்.
"குப்பை போட்டா ஃபைன் மேடம்.
போகட்டும், திரும்ப இழுத்துருவேன்."

கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு அதிகாரி.
நெருப்புக்கு அனுமதிச் சீட்டு எழுதுகிறவள்.
அகலைப் பார்த்தேன். எழுதவில்லை.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு
ஒடிசாக் கரை முழுக்க இப்படித்தானாம்.
சாவகத்துக்கும் சுமத்ராவுக்கும் போன வணிகர்கள்
காற்றுப் பார்த்துப் பாய் விரித்த மாதம்.
"போனவங்க பேரு யாருக்கும் தெரியாது.
மாசம் மட்டும் தெரியும்."

தொழிலாளர் விடுதியில் கற்ற தமிழில்
ஊரைச் சொன்னான்.
சக்கரம் வைத்த கோயிலை எல்லாரும் கேட்பார்கள் என்று
அதை விட்டுவிட்டுச் சிலிகா ஏரியை.
மழைக்கு இனிக்கும், கோடைக்குக் கரிக்கும்,
இன்றைக்கு எது என்று இறாலுக்குத்தான் தெரியும்.
தயா என்று ஓர் ஆறு.
கருணை என்று பொருள்.
ஒரு போரில் அது சிவந்ததாகச் சொல்வார்கள்,
இப்போது எருமைகள் குளிக்கின்றன.
யானைக் குகையில் ஒரு கல்வெட்டு:
தமிழர் கூட்டணியை உடைத்தோம் என்று
அவர்கள் மன்னன் வெட்டி வைத்தது.
"ஸாரி மேடம்" என்றான்,
இரண்டாயிரம் வருடம் தாமதமாக.
எங்கள் சோழர்களும் வந்து கொளுத்தினார்கள், விடு
என்றேன்.

பிறகு, ஏனென்று தெரியாமல்,
அந்தச் சொல்லைச் சொன்னேன்.
எழுபத்தொன்பதில், நீ சூன் பேருந்து நிறுத்தத்தில்
என் பின்னலை இழுத்துக்கொண்டு பையன்கள் கூவியது.
கிளிங்.
கலிங்கம் என்று புறப்பட்டு
உப்புத் தண்ணீரில் பாதி தேய்ந்து
கலிங்கத்தைக் கண்ணால் காணாத என்மேல்
ஒட்டிக்கொண்ட சொல்.

நரம்பை விட்டுக்கொண்டே யோசித்தான்.
"அப்ப அது எங்க ஊர்ப் பேரு.
உங்க வீட்டுக்குத் தப்பா டெலிவரி ஆயிருக்கு.
பாரமா இருந்தா குடுத்துடுங்க."

சிரித்தேன்.
எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அகல் அணைந்த பிறகும் பெட்டி போனது.
"பிடிங்க" என்று நரம்பை என்னிடம் தந்துவிட்டு
செருப்பைத் தேடப் போனான்.
முப்பது மீட்டரும் முடிந்து
விரல் இடுக்கை அறுத்தபடி
அட்டை இன்னும் கேட்டது.

ஏழு மணிக்கு மூன்றாம் தொட்டியில் அவனுக்கு வேலை.
என் கையெழுத்து வேண்டும்.
இழுக்கத் தொடங்கினேன்.
ஊறிப்போய்க் கனத்தது.