நட்டு அளவு

புதுவயல். ராத்திரி ஒன்றே முக்கால்.
ஆலைக்குள் நெல் அவிகிறது.
எடைமேடை அறையில் ஒற்றை ட்யூப்லைட்,
அதன் கீழே நான்,
என் மடியில் அறுகோணங்கள்.

பீடியை விட்டு நாற்பதாம் நாள் ஆரம்பித்தது இது.
வாய் மறந்துவிட்டது, கை மறக்கவில்லை.
எதையாவது சுருட்டு, எதையாவது மடி
என்று நச்சரித்தது.
ஜன்னல் விளிம்பில் கிடந்தது
எந்த லாரியோ கழற்றிப் போட்ட சக்கர நட்டு.
பழைய எடைச்சீட்டின் மேல் அதை வைத்து
சுற்றிவரப் பேனாவால் வரைந்தேன்.
ஆறு பக்கம்.
ஒன்றுக்கொன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.
வெட்டினேன்.

சீனி முகமது டெய்லர் கடையில்
ஜாக்கெட் வெட்டி மிஞ்சிய துண்டுகள்
ஒரு கட்டைப்பை இருபது ரூபாய்.
"தலகாணிக்குள்ள அடைக்கவா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
பொய் சொன்னால் எனக்குக் காது சூடாகும்.

சீட்டின் மேல் துணி, விளிம்பை மடித்துப்
பெரிய பெரிய ஓட்டுத்தையல்.
பிறகு இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து
ஓரத்தில் மட்டும் ஊசி,
காகிதத்தைக் குத்தாமல்,
இரண்டு மூன்று இழையை மட்டும் கவ்விக்கொண்டு.
அவசரப்பட்டால் முடிச்சு விழும்.
முடிச்சு விழுந்தால் அவசரப்படக் கூடாது.
இவ்வளவுதான் இதில் தெரிந்துகொள்ள இருப்பது.

நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.
அதைச் சுற்றிப் பன்னிரண்டு.
அதைச் சுற்றிப் பதினெட்டு முடிவதற்குள்
பங்குனி வந்துவிட்டது.

கண்டாங்கித் துண்டொன்று கிடைத்தது, அரக்கும் மஞ்சளும்.
கட்டம் போட்ட துணி ஆறு மூலைக்குள்
நேராக உட்கார மாட்டேன் என்கிறது.
எப்படித் திருப்பினாலும் ஒரு கோடு சாய்கிறது.
சாயட்டும் என்று விட்டேன்.
ஊதாத் துண்டு ஒன்று உள்பக்கம் வெளியே தெரிய நிற்கிறது,
மூன்று வரிசை தள்ளித்தான் கண்ணில் பட்டது.
அதையும் விட்டேன்.

ஹாரன்.
ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு எழுவேன்.
பாரத்தோடு ஓர் எடை, காலியாக ஓர் எடை,
கழித்தால் நெல்.
மன்னார்குடி வண்டி செபஸ்தியான்
சீட்டுக்குக் கை நீட்டியவன் காலரைப் பார்த்தான்.
மடியிலிருந்து நழுவியதைப் பார்த்தான்.
சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
"நூலை மெழுகுல ஒருதரம் இழுத்துக்குங்கண்ணே, சிக்காது"
என்றுவிட்டு வண்டியை எடுத்தான்.
தார்ப்பாய் தைக்கிறவனோ, வேறு என்னவோ,
கேட்க விடவில்லை பின்னால் நின்ற ஹாரன்கள்.
மெழுகு நன்றாகத்தான் இருக்கிறது.

வள்ளிக்கண்ணு கேட்டாள்,
"கத்திரி வெயில்ல போர்வையா? யாருக்கு?"
யாருக்கென்றும் தைக்கவில்லை.
அதைச் சொன்னால் பேச்சு வளரும்.
"மழைக்காலத்துக்கு" என்றேன்.
காது சூடானது.

ஆறு பக்கமும் அண்டைவீடு வந்தபிறகுதான்
காகிதத்தை உருவ வேண்டும்.
ஓட்டுத்தையலை அறுத்து நுனியைப் பிடித்து இழுத்தால்
மொடமொடப்புப் போய்த் துணி தொய்ந்துகொடுக்கும்.
கையில் மிஞ்சும், நட்டு அளவில், ஒரு பழைய ராத்திரி:
16,420.
அல்லது பாதித் தேதி.
அல்லது காலி என்பதில் கா மட்டும்.
குப்பைக்கூடைக்குள் டன் டன்னாய்க் கிடக்கிறது நெல்.

நேற்று லாரி வராத நேரம்
இதுவரை சேர்ந்த நானூற்றுச் சொச்சத்தையும்
எடைமேடை நடுவில் விரித்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு.
வெளிப்பலகையில் சிவப்பாய்ப் பூஜ்யம்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பக்கத்தில் போய் நின்றேன்: எழுபது.
எடுத்துத் துண்டுபோலத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.
எழுபது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.
உமிச்சாம்பல் இறங்கி
ஊதாவில் இரண்டு, அரக்கில் ஒன்று.
ஊதினேன், போனது.
கேட்டருகே ஒரு விளக்கு திரும்பியது.
ஊசி எங்கே என்று காலரைத் தடவிக்கொண்டே
இறங்கி வந்தேன்.