இடது காது மட்டும்

லீபாயா துறைமுகத்தில் ஏலம் போன மடிக்கணினி,
பன்னிரண்டு யூரோ.
மூடியில் யாரோ சுரண்டிய ஒட்டுவில்லையின் பசை.
எஸ்கேப் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.
விண்டோஸ் அதில் கால் வைக்கவே மறுத்தது.
லினக்ஸ் ஏறியது, மூச்சு வாங்கியது.
மூன்றாவதாக ஹைக்கூவை ஏற்றினேன்.
கவிதை இல்லை, இயங்குதளம்.
பெயர் மட்டும்தான் கவிதை.
இதை ஓட்டுகிறவர்கள் எல்லோரையும்
ஒரே படகில் ஏற்றிவிடலாம் என்பான் ஆர்விட்ஸ்,
கவிழ்ந்தாலும் செய்தியில் வராது என்பான்.

தொடங்கும்போது திரையில் ஏழு சின்னப் படங்கள்
ஒவ்வொன்றாய் நிறம் கொள்ளும்.
முதலில் அணு. கடைசியில் ராக்கெட்.
முதல் வாரம் முழுக்க ராக்கெட்டில் நின்றது,
பறக்கவும் இல்லை, அணையவும் இல்லை.
ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி
கொல்லைப்புற வழியாய் உள்ளே போய்
பாதுகாப்பான காட்சிமுறைக்கு ஒரு குறி போட்டேன்.
மஞ்சள் தலைப்புகளோடு மேசை விரிந்தது,
தேநீர்ப் பையை எடுத்துப் பிழிவதற்குள்.

சத்தம்தான் இல்லை.

ஒலி அட்டை இருக்கிறதா? இருக்கிறது.
இயக்கி? ஏறியிருக்கிறது.
ஒலியளவு? முழுக்க.
ஊமை பொத்தான்? இல்லை, இல்லை, பார்த்துவிட்டேன்.
பதிவேட்டில் நாலாயிரம் வரிகள்,
எல்லாம் நலம் என்று சத்தியம் செய்கின்றன.
நலம் என்று சொல்கிற வீட்டில்தான்
யாரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த இயக்கியைப் பார்த்துக்கொள்கிறவர்
மோந்தேவீதேயோவில் இருந்தார்.
எட்செவெரி. அங்கே கோடை.
"இந்த மாதிரிக் கணினி என்னிடம் இல்லை,
விரல்களைக் கடன் கொடுப்பீர்களா?"

கொடுத்தேன்.
அவர் ஒரு எண்ணை மாற்றி அனுப்புவார்.
நான் தொகுப்பேன், நாற்பது நிமிடம்,
ஜன்னலில் பனி ஒரு விரற்கடை ஏறியிருக்கும்.
மறுதொடக்கம். அணு. ராக்கெட்.
இல்லை, என்று எழுதுவேன்.
இன்னொரு எண். இல்லை.
எட்டு இரவு, எட்டு இல்லை.
ஒன்பதாவது இரவு, டக்.
அவ்வளவுதான். ஒரு டக். பிறகு பழைய மௌனம்.
சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

பதில் உடனே வந்தது. தூங்கவில்லை போல.
"அந்த டக் எப்படிப்பட்ட டக்?
பாட்டு தொடங்கும்போதா, நிற்கும்போதா?
ஈரமான டக்கா, உலர்ந்ததா?"
இவ்வளவு அக்கறையாய் என்னிடம்
யாரும் எதையும் கேட்டதில்லை.
ஹெட்போனைப் போட்டுக்கொண்டு
முப்பது முறை கேட்டேன்.
உலர்ந்தது. தொடங்கும்போது. இடப்பக்கம்.

அந்த மூன்று சொல்லில் ஒரு கால் பிடிபட்டது அவருக்கு,
சில்லில் எங்கோ, மின்சாரம் போகாமல் மூடியிருந்த
மிகச் சின்னக் கதவு.
திறந்தார்.
ஆர்விட்ஸின் அக்கார்டியன் பதிவு
என் இடது காதில் பெய்தது.
வலது காதில் பனிக்காற்று மட்டும்.

நிரலில் அந்த வரிக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்:
ஏன் என்று தெரியவில்லை. இது இல்லாமல் ஒலிக்கவில்லை.
சோதித்தவர்: விஸ்மா, லீபாயா.
வலது காது: பிறகு.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்தில் எனக்கு வேலை.
ஆர்கன் வாசிப்பவள் இல்லை நான்,
கட்டையை அமுக்கிப் பிடித்திருப்பவள்.
குழல்களுக்குள் எங்கோ இருட்டில் ஹரால்ட்ஸ்
தகட்டைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார்,
சரியா? என்று கத்துவார்.
எட்டு வருஷமாய் என்னிடம் இரண்டு பதில்.
இந்த வாரம் சொன்னேன்:
தொடக்கத்தில் உலர்ந்திருக்கிறது,
நிற்கும்போது கொஞ்சம் ஈரம்.

தட்டுவது நின்றது.
இரண்டு ஈயக்குழல்களுக்கு நடுவே
தூசி படிந்த ஒரு முகம் எட்டிப் பார்த்தது.
"இன்னொரு தடவை சொல்."