மஞ்சள் நீர் இறங்கும் வரை

கச்சான் காற்று தொடங்கிய வாரம்
நிலாவெளியில் எல்லா அறையும் நிறைந்துவிட்டது.
புறாமலைக்குப் போன வெள்ளைக்காரர்கள்
குப்புற மிதந்து மீன் பார்த்துவிட்டு
முதுகை மட்டும் சுட்டுக்கொண்டு வந்தார்கள்,
திருப்பிப்போட மறந்த ரொட்டி மாதிரி.

எனக்குச் சம்பளம் அறை கூட்ட.
கற்றாழை வெட்டுவது கணக்கில் இல்லை.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
உடைந்த கொமட்டுக்குள் நிற்கிறது அது.
யார் நட்டதோ.
ஊற்றாத நாளிலும் கொழுக்கிறது.

அடிமடலாய்ப் பார்த்து அறுப்பேன்.
அறுத்த கையோடு தேய்க்கக் கூடாது.
வெட்டுவாய் கீழே இருக்க
கிளாசுக்குள் நிறுத்திவைப்பேன்.
மஞ்சள் நீர் இறங்கட்டும்.
அதற்குள் இரண்டு கட்டில் விரித்துவிடலாம்.
பிறகு முள்ளோரம் சீவி, தோல் உரித்து,
ஏழு தண்ணீரில் அலசி,
முழங்கை மடிப்பில் முதலில் ஒரு பொட்டு.
எரிவது முதுகு, ஏன் கையில் என்று
சைகையில் கேட்பார்கள்.
சில தோலுக்கு இது பகை.
அதைச் சைகையில் சொல்லத் தெரியாமல்
சிரித்துக்கொண்டு காத்திருப்பேன்.

போன வெள்ளி குசினியில்
கொதியெண்ணெய் கவிழ்ந்து
கிண்ணியா நளீமின் முன்னங்கை.
கத்தியோடு ஓடிவா என்றார்கள். ஓடினேன்.
நடுவில் ஓரிடம் மட்டும்
மெழுகு போல வெளுத்துக் கிடந்தது.
"நோகுதா?"
"அந்த இடம் நோகல்ல."
அதுதான் என்னைப் பயப்படுத்தியது.
கத்தியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு
ஆட்டோ வரும்வரை
குழாயடியில் அவன் கையைப் பிடித்திருந்தேன்.
தண்ணீர். வெறும் தண்ணீர்.
"உன்ர கற்றாழை எங்க இப்ப?"
முதலாளிக்கு முகம் கறுத்தது.
அது தன்பாட்டில் நிற்கிறது, ஐயா.
இது அதன் வேலை இல்லை.
பெரியாஸ்பத்திரியில்
இன்னும் துணி மாற்றுகிறார்கள்.

இன்றைக்கு, பதிவு மேசைத் தர்மினி
போனைத் தூக்கிக் காட்டுகிறாள்:
வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு,
முகம் மினுங்குமாம்.
"ரெண்டு பேருக்கும் அடிச்சிட்டன்,
நீயும் வாடிப்போய்த்தானே இருக்கிறாய்."
பிளெண்டருக்குள் முழு மடல்,
பச்சைத் தோலும் மஞ்சள் நீருமாய்.

அந்த மஞ்சளை இறுக்கிக் காய்ச்சினால்
கரியபோளம்.
குடலைப் பிடுங்கும்.
தள்ளிப்போனதை வரவைக்கவும்
முன்பு கொடுப்பார்களாம்,
மருந்துக் கடையில் காதில் விழுந்தது.
எனக்குத் தள்ளிப்போய் மூன்று கிழமை.
ஒருவருக்கும் சொல்லவில்லை,
கடலுக்குப் போனவனுக்கும்கூட.

"வேண்டாம்."
"கசக்குமெண்டா?"
"ஓம், கசக்கும்."
அவளுடைய கிளாசையும் வாங்கித்
தொட்டிக்குள் ஊற்றினேன்.
முறைத்தாள். முறைக்கட்டும்.
பின்னேரம் சொல்லலாம்,
அவளுடைய பாதியை மட்டும்.

பதினோராம் அறையில் மணி அடிக்கிறார்கள்.
யன்னலோரக் கிளாசில்
அரைவிரல் மஞ்சள் இறங்கியிருக்கிறது.
இன்னும் சொட்டுகிறது.
பொறுக்கட்டும் பதினோராம் அறை.