மாதிரி

மூன்று நாளில் பரிசுக்காரர்கள் வருகிறார்கள் என்று
மன்றத்திலிருந்து போன் வந்தபோது
நான் பெம்பர்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: முப்பத்தொன்று.
நைலான் கயிறு, ஒற்றைச் செருப்பு, சட்டே குச்சி.
தேங்காய் மூடியும் வாடிய மாலையும் தனி மூட்டை.
சாமிக்குப் போட்டதைக் குப்பையோடு கலந்தால்
புண்ணியமூர்த்தி அண்ணன் அன்றைக்குச் சோறு தின்னமாட்டார்.

சுங்கை நிப்பாவில் கடல் நீலம் கிடையாது.
தே தாரிக் நிறம்.
செம்பனை முடிகிற இடத்தில் ரோடு முடியும்,
அப்புறம் சேறு,
அதற்கப்பால் அது.
ஆனாலும் சம்பள வாரம் என்றால்
நாலு டிவிஷன் சனமும்
பானையும் பாயுமாக லோரியில் வந்து இறங்கும்.

பரிசுக்கு ஒரு பாரம் உண்டு. நாற்பது கேள்வி.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா?
தாழ்ப்பாள் உண்டு. கதவுதான் இல்லை.
மிதவை வளையம் எத்தனை?
இரண்டு. ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது.
உயிர்காப்பாளர் எத்தனை பேர்?
நான் ஒருத்தி.
கடைசிக் கேள்வி, தண்ணீர்.

கொடிக்கம்பத்துக்கு நீலம் அடித்தார்கள்.
கதவு வந்தது. தொட்டியில் செம்பருத்தி வந்தது.
பூனையையும் குட்டிகளையும் என் சாப்பாட்டுக் கூடைக்கு மாற்றினேன்.
‘மாதிரிக் கடற்கரை’ என்று பலகைகூட எழுதித்
துணி போர்த்தி வைத்திருந்தார்கள்,
பரிசம் போடும் முன்னே பிள்ளைக்குப் பேர் வைத்ததுபோல.

தண்ணீர் எடுக்க ரொஸ்லான் வந்தார். நல்ல மனுஷன்.
தவமலர் அனாக் பெரெம்புவான் சிங்காரம் என்று
என்னை முழுசாகக் கூப்பிடும் ஒரே அதிகாரி.
குப்பியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:
படகுத்துறைக்கு அந்தப் பக்கம் எடு.
அங்கே தெளிவு.

அங்கே தெளிவுதான்.
ஆழமும்கூட. யாரும் குளிப்பதில்லை.
பிள்ளைகள் குளிப்பது வாய்க்கால் வந்து விழும் முனையில்.
அங்கே மணல் கெட்டி, இடுப்பளவு,
மில் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாகவும் இருக்கும்.
வெதுவெதுப்புக்குப் பிள்ளைகள் காரணம் கேட்பதில்லை.

போன லீவில் ஜெஷ்வினுக்குக் காதில் சீழ்.
அவன் தங்கச்சிக்குத் தொடையெல்லாம் கொப்புளம்.
கடல் உப்பு புண்ணை ஆற்றும்தானே அக்கா என்று
அவர்கள் அம்மா கேட்டாள்.
ஆற்றும் என்று சொன்னேன்.
நான்தான் சொன்னேன்.

கைலியைச் செருகிக்கொண்டு முனையில் இறங்கினேன்.
முழங்கை ஆழத்தில் குப்பியின் வாயைத் திறந்தேன்.
குபுக்கென்று ஒரு மிடறு.
மூடி. தேதி. நேரம். இடம்.
இடத்தில் பொய் எழுதவில்லை.
ரொஸ்லான் பார்த்துக்கொண்டிருந்தார்.
சிகரெட்டைப் பற்றவைத்து, பற்றவைத்ததை மறந்து,
ஐஸ் பெட்டியைத் தானே தூக்கிப்போய் வண்டியில் வைத்தார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. எண்ணில் சைபர்கள் அதிகம்.
பரிசு பக்கத்து மாவட்டத்துக்கு.
செம்பருத்திகளை லோரி ஏற்றிக்கொண்டு போயிற்று.
கதவை மட்டும் மறந்துவிட்டார்கள்.
ஒரு குப்பியால் என் தீபாவளி வியாபாரம் போச்சு என்றான்
ஐஸ் கச்சாங் கடை சிவநேசன்,
சில்லறையை என் கையில் வைக்காமல் மேசையில் வைத்து.

மாதிரிப் பலகையைத் திருப்பி
அதன் முதுகில் நாலு மொழியில் எச்சரிக்கை எழுதினார்கள்.
தமிழில் இப்படி இருந்தது:
‘இங்கு குளிர்க்க வேண்டாம்.’

சேற்றில் நின்று தனியாகச் சிரித்தேன்.
கம்பத்துக்கு அடித்து மிஞ்சிய நீலத்தில்
அந்த ‘ர்’ரை மூடினேன்.
கீழே கோணலாக ஒரு வரி சேர்த்தேன்:
‘வாய்க்கால் சுத்தமாகும் வரை.’

சாயங்காலம் ஜெஷ்வின் துண்டோடு வந்தான்.
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
எப்ப சுத்தமாகும்?
தெரியாதுப்பா.

படகுத்துறைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன்.
பூனைமுடி ஒட்டிய வளையத்தை அவனுக்கு மாட்டி,
கயிற்றின் மறுமுனையை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.
தெளிந்த தண்ணீரில் அவன் உதைத்த உதையெல்லாம்
கயிறு வழியாக
என் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது.